ஐந்து கிலோமீற்றர், 23 நிமிடம் 47 செக்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த தை மாதம் ஒரு ஞாயிறு காலை, கிளிநொச்சியில் நடந்த வீதியோட்டமொன்றில் ஐந்து கிலோமீற்றரை 23 நிமிடம் 47 செக்கனில் ஓடி முடித்தேன். எனக்கு 43 வயது. வட்டக்கச்சியில் குடியிருக்கிறேன்; கூட்டுறவுக் கடையொன்றில் கணக்கு எழுதுவது தொழில். அன்று எனக்குக் கிடைத்தது முப்பத்தோராம் இடம். ஆனாலும் அந்தத் தூரத்தை என் வாழ்நாளில் அதைவிட வேகமாக நான் ஓடியதில்லை. அன்றிலிருந்து கடையிலும் கோயில் வாசலிலும் வயல் வரம்பிலும் பலர் மறித்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஓட விரும்பும் எவருக்கும் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன்.

முப்பத்தோராவதாக வந்த ஓட்டத்தைச் சாதனை என்று சொல்லலாமா?

சொல்லலாம். எத்தனையாவது இடம் என்பது அன்று யார் யார் ஓட வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழக அணியொன்று வந்திருந்தால் நான் ஐம்பதாவதாக வந்திருப்பேன். மழை பெய்து பாதிப் பேர் வீட்டில் நின்றிருந்தால் பத்துக்குள் வந்திருப்பேன். நேரம் அப்படி மாறுவதில்லை. 2020 ஓகஸ்ட் 14 அன்று மொனாக்கோவில் உகண்டாவின் ஜோசுவா செப்டெகெய் 5000 மீற்றரை 12 நிமிடம் 35.36 செக்கனில் ஓடினார். ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 31 செக்கன். அவரோடு நான் தொடங்கியிருந்தால், அவர் முடிக்கும்போது நான் 2.6 கிலோமீற்றரைத்தான் தாண்டியிருப்பேன். என்றாலும் அவர் ஓடிய தூரமும் நான் ஓடிய தூரமும் ஒன்றுதான். அவரை அளந்த கடிகாரம்தான் என்னையும் அளக்கிறது. போன ஆண்டு நான் எப்படி ஓடினேன் என்பதோடு இந்த ஆண்டை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இரண்டு வருடங்களுக்கு முன் 22 நிமிடம் 40 செக்கன் ஓடியதாகச் சொன்னீர்களே? அதுதானே குறைந்த நேரம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஆம், ஊரெல்லாம் சொன்னேன். அது ஓர் ஊர் விழாவை ஒட்டி நடந்த ஓட்டம். ஐந்து கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள், நானும் நம்பினேன். நேரத்தைக் கேட்ட ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், "தம்பி, அந்தப் பாதையை யார் அளந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்தேன். முன்சில்லு ஒரு முறை உருண்டால் 2.2 மீற்றர். அதை முற்றத்தில் அளவுநாடா விரித்துப் பலமுறை சரிபார்த்துக்கொண்டேன். சில்லுக் கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, அது மேலே வரும் ஒவ்வொரு முறையும் எண்ணி, நூறு ஆனதும் மகன் ஒரு கூழாங்கல்லைப் பையில் போடுவதாக ஏற்பாடு. அவன் இன்னொரு சைக்கிளில் பக்கத்தில் வந்தான். முடிவுக்கோட்டை அடைந்தபோது பையில் 21 கற்கள் இருந்தன. 2100 சுற்று, 4620 மீற்றர்.

380 மீற்றர் குறைவு. வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருந்த 22:40 என்பதை அன்று மாலையே அழித்தேன். ஓட்டத்தை நடத்தியவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் அளவுமானியைப் பார்த்துக் குறித்திருப்பார்கள். ஆனால் அளக்காத பாதையில் கிடைத்த நேரத்தை வைத்து நான் ஒரு வருடம் பெருமைப்பட்டிருந்தேன். அது மனதைச் சுட்டது. அடுத்த பங்குனியில் பாடசாலை மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று ஓடியபோது என் உண்மையான நேரம் தெரிந்தது: 24 நிமிடம் 58 செக்கன்.

தை மாத ஓட்டத்தின் பாதையை, போட்டிக்கு முதல் நாள் அதே சைக்கிளில், அதே மகனோடு போய் அளந்தேன். 22 கற்களும் மேலதிகமாக 80 சுற்றும்: 5016 மீற்றர். அதனால்தான் 23:47 என்று துணிந்து எழுதுகிறேன்.

சரியான தூரத்தில் ஓடிப் பார்க்க எங்கே போவது?

400 மீற்றர் ஓடுபாதை குறித்த மைதானம்தான் சிறந்தது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில், அதாவது தை முதல் பங்குனி வரை, புல்லில் சுண்ணாம்புக் கோடு புதிதாக இருக்கும். அதிபரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உள் சுவட்டில் மட்டும் ஓடுங்கள். இரண்டாம் சுவட்டில் ஓடினால் சுற்றொன்றுக்கு ஏறக்குறைய 7 மீற்றர் கூடுகிறது. பன்னிரண்டரைச் சுற்றில் அது 85 மீற்றரைத் தாண்டிவிடும்.

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் ஒரு மதிப்பீட்டைத் தரும். மரநிழலிலும் வளைவிலும் அது தடுமாறும். சர்வதேச வீதிப் போட்டிகளையே இன்றும் அளவுதிருத்திய சைக்கிளால்தான் அளக்கிறார்கள். பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் விடுகிறார்கள். நாங்கள் கூழாங்கல்லோடு செய்தது அதன் ஏழை வடிவம்.

ஒரு வருடத்துக்குள் 71 செக்கன் எப்படிக் குறைந்தது?

முழுவதும் பயிற்சியால் வந்தது என்று சொல்ல முடியாது. பங்குனியில் ஓடியது பிற்பகல் நான்கு மணிக்கு, கொதிக்கும் வெயிலில், புல்லில். தையில் ஓடியது விடியற்காலையில், தார் வீதியில். அந்த வேறுபாடே கொஞ்ச செக்கன்களைத் தந்திருக்கும். மீதி, வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டத்திலிருந்து வந்தது.

செவ்வாய் மாலை மைதானத்தில் வேகப் பயிற்சி. தொடக்கத்தில் 400 மீற்றரை 1 நிமிடம் 50 செக்கன் அளவில் எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 200 மீற்றர் மெல்லோட்டம். கார்த்திகையில் மைதானம் சேறானதால் இந்தப் பயிற்சி மூன்று வாரம் நின்றுபோனது. மார்கழியில் அதை ஆயிரம் மீற்றர் ஐந்து முறை என்று மாற்றினேன். ஒவ்வொன்றும் 4 நிமிடம் 48 செக்கன், இடையில் இரண்டரை நிமிட ஓய்வு. இதுதான் போட்டி வேகத்தைக் காலுக்குப் பழக்கியது. வியாழன் ஆறு கிலோமீற்றர், சனி ஐந்து கிலோமீற்றர், ஞாயிறு இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் பத்து அல்லது பதினொரு கிலோமீற்றர். இந்த மூன்று நாளும் மெதுவாகத்தான். கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம்; சில நாள் ஏழு.

போட்டிக்கு முந்திய வாரம் பாதியாகக் குறைத்தேன். கால் துடித்துக்கொண்டே இருந்தது; அடக்கிக்கொண்டேன்.

மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாகத்தானே ஓடமுடியும்?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் வருடம் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்க ஓடினேன். நான்காம் மாதம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தது. ஆறு வாரம் ஓடவே முடியவில்லை.

ஐந்து கிலோமீற்றர் குறுகிய ஓட்டம்தான். ஆனாலும் அது நூறு மீற்றர் போன்றதல்ல. அதற்குத் தேவையான சக்தியின் பெரும்பகுதி ஒட்சிசனைக் கொண்டே உடலில் உண்டாகிறது. மெல்லோட்டம் பல மாதங்கள் தொடரும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளுக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் பெருகுகின்றன. சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. பள்ளிக்கூட உயிரியலில் படித்த சொற்கள்தாம். அவை என் கெண்டைக்காலுக்குள் நடக்கும் காரியம் என்று அப்போது தோன்றவில்லை.

நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பயிற்றுநரானவர். 800 மீற்றர் வீரரையும் வாரத்துக்கு நூறு மைல் அளவில் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்ரெம்பர் 2ஆம் திகதி ஒரே பிற்பகலில், அவரிடம் பழகிய பீற்றர் சினெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள். நூறு மைல் நமக்கு வேண்டாம். அவர் காட்டிய வழி, முதலில் நீண்ட ஓட்டம், பிறகு வேகம் என்பது, வாரத்துக்கு முப்பது கிலோமீற்றர் ஓடும் கணக்கெழுத்தருக்கும் பொருந்துகிறது.

மெதுவு என்றால் எவ்வளவு மெதுவு என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டு விசேடத்தை முழு வாக்கியங்களில் சொல்லமுடிய வேண்டும். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

போட்டி அன்று என்ன செய்தீர்கள்?

பங்குனியில் செய்த பிழையைச் செய்யாமல் விட்டேன். அன்றைய கிலோமீற்றர் நேரங்களை இன்னும் வைத்திருக்கிறேன்: 4:21, 4:52, 5:08, 5:22, 5:15. முதல் கிலோமீற்றரில் பறந்தேன். நான்காவதில் ஏறக்குறைய நடந்தேன். விதைப்பு முடிந்ததும் குளத்தின் மதகான துருசை முழுதாகத் திறந்துவிட்டால், கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் இருக்குமா? குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடும் ஊரில் பிறந்தும் எனக்கு அது ஓட்டத்தில் உறைக்கவில்லை.

தையில் ஓட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கியது. ஐந்தரைக்கே போய், பதினைந்து நிமிடம் மெல்ல ஓடி, எண்பது மீற்றர் அளவில் நான்கு முறை வேகமெடுத்துப் பார்த்தேன். தொடக்கக்கோட்டில் நடுவில் நின்றேன். கொடி விழுந்ததும் பாடசாலைப் பையன்கள் அம்பு போலப் போனார்கள். நூறு பேர் முன்னால் ஓடும்போது அடக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது, அன்று நான் செய்தவற்றில் மிகக் கடினமானது. நெஞ்சு "போ, போ" என்றது. முதல் கிலோமீற்றர்க் கோட்டில் கடிகாரம் 4:52 காட்டியது. பயமாக இருந்தது, பிந்திவிட்டேனோ என்று. மூச்சு மட்டும் சீராக இருந்தது.

இரண்டாவது 4:48. மூன்றாவதில் பாதை வடகிழக்கே திரும்பியது. வாடைக்காற்று முகத்தில் அடித்தது. உயரமான ஒரு தம்பியின் பின்னால் இரண்டடி தள்ளி ஒதுங்கி ஓடினேன். 4:50. அந்தக் காற்றில் அது நல்ல நேரம். அங்கேதான், அம்பு போலப் போன பையன்கள் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது மகிழ்ச்சி வரவில்லை, பங்குனியில் நான் நடந்த நடை கண்முன் வந்தது. "மெல்ல ஓடு தம்பி, நிற்காதே" என்று ஒருவனிடம் சொன்னேன். அவன் என் பின்னாலேயே ஓடிவந்து முடித்தான்.

நான்காவது கிலோமீற்றர் 4:46. கால் கனத்தது, தொண்டையில் இரும்புச் சுவை. இங்கே எண்ணத் தொடங்கினேன்: நூறு காலடி, பிறகு இன்னொரு நூறு. கடைசிக் கிலோமீற்றரில் எண்ணிக்கையும் மறந்துவிட்டது. அரை கிலோமீற்றர் இருக்கும்போது, வீதியோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற என் மகன் "அப்பா, பத்தொன்பது முப்பது தாண்டவில்லை அப்பா!" என்று கத்தினான். அவன் நான்காம் கிலோமீற்றர்க் கோட்டில் பார்த்த நேரத்தைச் சொல்கிறான் என்பது பிறகுதான் விளங்கியது. கடைசிக் கிலோமீற்றர் 4:31. முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஒரு பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். நான் அழுதேன்.

வெறுங்காலோடு ஓடலாமா?

சிறுவயதிலிருந்து வெறுங்காலோடு திரிபவர்கள் புல்லிலும் மணலிலும் ஓடலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றார். நான்கு வருடம் கழித்துத் தோக்கியோவில் சப்பாத்தோடு ஓடி, அதைவிட வேகமாக மறுபடியும் வென்றார். கிரவல் வீதியிலும் தார் வீதியிலும் சப்பாத்து அணியுங்கள் என்பது என் கருத்து. விலை கூடியது தேவையில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். குதிக்கால் அசையக் கூடாது. புதுச் சப்பாத்தைப் போட்டி நாளன்று முதன்முதலாகப் போடாதீர்கள்.

என்ன சாப்பிட்டீர்கள்?

முதல் நாள் இரவு பிட்டும் வாழைப்பழமும். காலையில் ஒரு கதலிப்பழம், சீனி போட்ட பிளேன்ரி. இருபத்தைந்து நிமிட ஓட்டத்துக்கு விசேட உணவு எதுவும் தேவையில்லை. பயிற்சி நாட்களில், வியர்த்த பிறகு, உப்பும் தேசிக்காயும் விட்ட மோர் எனக்கு ஒத்துவருகிறது. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் பின் அம்மா காய்ச்சும் குரக்கன் கூழுக்கு நிகராக எதையும் நான் குடித்ததில்லை.

வன்னியில் எங்கே, எப்போது ஓடுவது பாதுகாப்பு?

ஏ9 வீதியில் ஓடாதீர்கள். இருட்டில் தூர இடத்துப் பஸ்கள் வரும் வேகத்தில் உங்களைக் கண்டுகொள்ள நேரமிருக்காது. வாய்க்கால் வீதிகளும் உள்வீதிகளும் போதும். இருட்டு விலகுமுன் ஓடுவதாயின் வெள்ளைச் சட்டை அணிந்து, வாகனங்கள் உங்களுக்கு எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள்.

காட்டோரப் பாதைகளில் விடிந்த பின்பே ஓடவேண்டும். குளத்தின் பின்பக்கத்திலும் ஒட்டுசுட்டான் போன்ற காட்டுப் பகுதிகளிலும் யானை நடமாட்டம் உண்டு. புதுச் சாணம் கண்டால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். பழக்கமில்லாத காட்டுப் பாதையில் குறுக்கே போவதை முற்றாக விடுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும், ஊரார் நடக்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கும்.

நாய்கள் துரத்தினால் நின்றுவிடுங்கள். நின்று, திரும்பி, அதட்டி, மெல்ல நடந்து கடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதில் மிதிக்காமல் ஓரமாகப் போவது அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

எந்த மாதம் நல்ல நேரம் வரும்?

தையும் மாசி முற்பகுதியும். மழை ஓய்ந்திருக்கும், விடியலில் குளிர் இருக்கும். சித்திரை வெயிலில் அதே முயற்சிக்குக் கிலோமீற்றருக்குப் பதினைந்து, இருபது செக்கன் எனக்குக் கூடுகிறது. உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புவதால் கால்களுக்குக் குறைவாகவே போகிறது. ஆனி, ஆடியில் சோளகக் காற்று வேறு. அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடுங்கள்.

இதுவும் மரதன்தானே?

வீதியில் ஓடும் எல்லா ஓட்டத்தையும் மரதன் என்று அழைப்பது எங்கள் பாடசாலை வழக்கம். மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். நான் ஓடியது அதன் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

பெண்கள் ஓடலாமா? ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லும். இரண்டு மாதம் சொல்லும். பிறகு அதற்கு வேறு வேலை வரும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 5000 மீற்றர் ஓட்டம் 1996இல்தான் சேர்க்கப்பட்டது. உலகமே அவ்வளவு தாமதித்தபோது எங்கள் ஒழுங்கையில் கதைப்பார்கள் என்பதில் வியப்பில்லை. என் மனைவியும் அயலில் இரு பெண்களும் மாலையில் மைதானத்தில் சேர்ந்து ஓடுகிறார்கள். மூவராக ஓடுவது துணைக்கும் நல்லது, பேச்சுக்கும் நல்லது. தொடர்ந்து களைப்பாக இருந்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் அது அதிகம்.

வயது போய்விட்டதே?

2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், 70 வயதைக் கடந்த முள்ளியவளை அகிலத்திருநாயகி தங்கம் வென்று முல்லைத்தீவுக்குத் திரும்பினார். அந்தச் செய்தி வந்த நாளன்று நான் கடையில் வயதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்கள், தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள்.

எதற்காக ஓடத் தொடங்கினீர்கள்?

2009 தை மாதத்தில், போருக்குத் தப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே ஓடினோம். பிறகு பல வருடங்கள் எனக்கு மூச்சு வாங்கினாலே அந்த நாட்கள் திரும்பி வந்துவிடும். மாடிப்படி ஏறவும் பயந்தேன். என் மகன் பாடசாலை ஓட்டத்துக்குப் பழக, துணைக்கு ஓட ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டான். முதல் நாள் இருநூறு மீற்றர். நெஞ்சு அடித்தது; நின்றேன்; சுற்றிப் பார்த்தேன். வயல், கொக்கு, மகன். வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் முந்நூறு மீற்றர் ஓடினோம்.

அடுத்து என்ன?

அடுத்த தையில் 23 நிமிடத்துக்குள். அதற்குக் கிலோமீற்றருக்கு 4 நிமிடம் 36 செக்கன் வேண்டும். இப்போது ஆயிரம் மீற்றர் பயிற்சியை 4:40க்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஐந்தில் மூன்று முறை முடிகிறது, நான்காவதில் தளர்கிறேன். மகன் இந்த வருடம் என்னை முந்திவிடுவான் என்று நினைக்கிறேன். சைக்கிளுக்குப் புது ரயர் போட்டிருப்பதால் சில்லின் சுற்றளவை மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது; இந்தச் சனிக்கிழமை முற்றத்தில் நாடாவை விரிக்கப் போகிறோம்.